அறல் என்றால் கருமணலா, மணலில் விழும் வரியா?

பிப்ரவரி 4, இரவு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இன்று ஒரு கேள்வி கேட்டாள். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் தண்ணீர் அறுத்துவிட்டுப் போன கோடுகள், வாய்க்கால் மாதிரி விரல் அகலக் கால்கள் எல்லாம் கிடக்கின்றனவே, அதற்குத் தமிழில் தனிச் சொல் இருக்கிறதா டீச்சர் என்று. பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு சொல்லை நான் பார்த்ததில்லை. இருபது வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். ‘நீர் அரிப்பு’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அது நடக்கும் வேலையின் பெயர். மிஞ்சிக் கிடக்கும் உருவத்துக்குப் பெயர் அல்ல.

‘அறல்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அறு, அறுத்தல், அறல். தண்ணீர் மணலை அறுத்த தடம். சங்கப் பாட்டில் பெண்ணின் கூந்தலுக்கு உவமையாக வருகிற அதே சொல். நான் சொன்னது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5

இலக்கியம் படித்த நண்பர் ஒருவர், அறல் என்றால் கருமணல், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார். கூந்தல் கருப்பு, மணல் கருப்பு, உவமை முடிந்தது என்கிறார்.

அகராதியைப் பார்த்தேன். அறுதல், அரித்து ஓடுதல், நீர், அலை, கருமணல் என்று வரிசையாகப் போகிறது. கருமணல் இருப்பது உண்மைதான். அதற்காக மற்றவற்றைத் தள்ளிவிட முடியுமா? வெட்டுதல் என்ற வினையிலிருந்து கருப்பு நிறம் எப்படிப் பிறக்கும்? இதுதான் எனக்கு நெருடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, மதியம்

குளித்தலை கடம்பர் கோயிலுக்கு எதிரே இறங்கினேன். மேட்டூரை ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம். அதன் பிறகு இந்தப் பக்கம் தண்ணீர் மெல்ல இறங்கி, அகண்ட காவிரி முழுக்க மணல் திட்டுகள் தலைகாட்டும். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரக் கோயில் சாமிகள் எல்லாம் ஆற்றங்கரையில் கூடும் பருவம் இது. சின்ன வயதில் அப்பாயி இடுப்பில் உட்கார்ந்து வந்தது நினைவில் இருக்கிறது.

காலை ஏழு மணி. வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் போனதே நல்லதாகப் போயிற்று. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து தீப்பெட்டியை வைத்து அளந்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே இரண்டு தீப்பெட்டி நீளம், ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். உயரம் என் சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் சரிவாக ஏறி, மறுபக்கம் சட்டென்று இறங்குகிறது. இறக்கம் எல்லாம் கிழக்கே, முக்கொம்புப் பக்கம் பார்த்திருக்கின்றன. தண்ணீரே இல்லாவிட்டாலும் ஆறு எந்தத் திசையில் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னதில் ஒரு குழப்பம் இருந்ததும் அங்கேதான் புரிந்தது. மணலில் கிடப்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு. ஒன்று, திட்டின் மேலே அலையலையாகக் குறுக்கே கிடக்கும் இந்த வரிகள். இன்னொன்று, திட்டின் ஓரத்தில் தண்ணீரை நோக்கி இறங்கும் சின்னக் கால்கள். விரல் அகலத்தில் தொடங்கி, இரண்டு மூன்று ஒன்றாய்ச் சேர்ந்து, கீழே போகப் போகப் பெருத்து ஆற்றில் விழுகின்றன. மரத்தை வரைந்த மாதிரி. அவள் கேட்டது இந்த இரண்டாவதை. நான் சொன்ன அறல் பாட்டில் எதைக் குறிக்கிறது?

கருப்பு விஷயம்: வரிகளின் முதுகில் கருமணல் படிந்திருக்கிறது. நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பிப்ரவரி 9, இரவு

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் வீட்டில் கிடந்தது. ஒரு பொட்டலம் மணல் கொண்டுவந்திருந்தேன். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்கு மேலே காட்டியதும் கருப்புத் துகளில் ஒரு பகுதி மீசை முளைத்தாற்போல் எழுந்து ஒட்டிக்கொண்டது. அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். மீதிக் கருப்பு அசையவே இல்லை. இல்மனைட் என்ற இன்னொரு கருப்புக் கனிமம் காந்தத்துக்கு லேசாகத்தான் மசியும், அதுவாக இருக்கலாம். செம்மணி மாதிரி மினுங்குவது கார்னெட்.

பிப்ரவரி 12

முதல் நாள் எழுதியபோது மனதில் ஒன்று இருந்தது. ‘நிலத்தை அறுத்து ஓடுவதால் ஆறு’ என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதே அறுப்பிலிருந்துதான் அறலும் என்று வகுப்பில் நானும் சொல்லிவிட்டேன். இன்று அதைத் திருத்திச் சொன்னேன்.

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்பது வழி காட்டும் பாட்டு, பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது. நீர் போகும் வழி என்பதால் நதிக்கு அந்தப் பெயர் வந்தது என்று கொள்வதுதான் பொருந்துகிறது. அறு, ஆறு இரண்டும் காதுக்கு ஒன்றாய் ஒலிக்கின்றன என்பதற்காக ஒரே வேர் என்று சொல்ல முடியாது. அறலுக்கு அறு என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை.

பிப்ரவரி 20

சின்னக் கால்கள் எப்படி உண்டாகின்றன என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மேலே இருந்து மழை பெய்து அறுப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் மட்டம் சடாரென்று இறங்கும்போது திட்டுக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் உடனே இறங்காது. பஞ்சிலிருந்து கசிவதுபோல் திட்டின் அடியில் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். வரும் இடத்தில் ஒவ்வொரு மணியாக மணலை இழுத்துக்கொண்டு போகும். அந்த இடம் குழிந்தால் சுற்றியிருக்கும் தண்ணீரும் அங்கேயே தேடி வரும். அதனால் கால் தன் தலைப்பக்கமாக, திட்டை நோக்கிப் பின்னால் வளர்ந்துகொண்டே போகும். கடற்கரையில் வற்றம் இறங்கும்போதும் இதே கதைதான்.

கால் என்று நான் எழுதும்போதெல்லாம் ஒருவர் அது நடக்கும் காலா என்று கேட்கிறார். வாய்க்கால் என்பதில் இருக்கும் கால் ஐயா. பாலாற்றுப் பக்கம் ஊற்றுக்கால் என்று உண்டு. வறண்ட ஆற்று மணலில் பள்ளம் பறித்து, அடியில் ஊறும் தண்ணீரை வெட்டுவாய்க்காலில் இழுத்து வயலுக்குக் கொண்டுபோவார்கள். மணலுக்குள் தண்ணீர் நின்று மெல்லக் கசியும் என்பதை நம்பிச் செய்த வேளாண்மை அது. ஆற்று மணலில் தண்ணீர் தானாகச் செய்வதைத்தான் அங்கே மண்வெட்டி செய்தது.

அப்பாயியும் கோடையில் ஆற்றில் ஊற்றுப் பறிப்பாள். கொட்டாங்குச்சியால் முழங்கை ஆழம் தோண்டுவாள். முதலில் ஊறும் கலங்கல் தண்ணீரை மூன்று நான்கு தடவை இறைத்துக் கொட்டுவாள். அப்புறம் குழியின் சுவரிலிருந்து கண்ணாடி மாதிரித் தண்ணீர் சுரக்கும். அந்தச் சுவரில் நூல் நூலாகக் கோடுகள் விழும். குடம் நிறையும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். ‘வரிவரியா ஓடுது பாரு’ என்பாள். அவளிடம் இருந்த சொல் வரிதான். அறல் என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை.

மார்ச் 3

பள்ளி ஆய்வகத்தில் நீளமான எனாமல் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஆற்று மணலைச் சமமாகப் பரப்பி, நான்கு விரல் உயரம் தண்ணீர் விட்டு, ஒரு பக்கம் லேசாகத் தூக்கித் தூக்கி இறக்கினோம். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. ஒரு பெண் தெரியாமல் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டாள். அதற்கு இரு பக்கமும் முதலில் இரண்டு வரி எழுந்தது. பிறகு அவற்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்து ஒன்று. தட்டின் முனைவரை வரிகள் பரவியதும் வகுப்பே மேசையைச் சுற்றி வந்துவிட்டது.

இதே வேலையைத் தண்ணீர்த் தொட்டிகளில் செய்து பார்த்தவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. மணல் வரிகள் எப்படித் தோன்றி வளர்கின்றன என்ற கட்டுரையை 1904இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவரே எழுந்து வாசித்தார். அந்த அவையில் தன் கட்டுரையைத் தானே வாசித்த முதல் பெண் அவர்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவரை உறுப்பினராக்க முன்மொழிந்தபோது, திருமணமான பெண்ணைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்திருந்தார்கள். அதே அவை 1906இல் ஹியூஸ் பதக்கத்தையும் கொடுத்தது. மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்து, அந்தச் சுழிதான் மணலைக் குடைந்து அடுத்த மேட்டைக் கட்டுகிறது என்று காட்டினார். அந்தச் சுழி அறிவை வைத்தே முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து நச்சுப் புகையை விரட்ட ஒரு கைவிசிறி செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் விசிறிகள் போர்முனைக்குப் போயின.

இதை இன்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். மணலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் படிப்புதான் என்று இதற்கு முன் அவர்களிடம் யாரும் சொன்னதில்லை போலும்.

மார்ச் 4

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அயர்ட்டன் பார்த்தது முன்னும் பின்னும் ஆடும் தண்ணீர், கடலோரத்து அலை மாதிரி. எங்கள் தட்டிலும் அதுதான். அந்த வரிகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே சரிவு. ஆற்றுத் தண்ணீர் ஒரே திசையில் போவது. அதனால்தான் அங்கே ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. மணி ஒவ்வொன்றும் சரிவில் உருண்டு ஏறி உச்சியைத் தாண்டி விழுகிறது. வரி முழுக்கவே இப்படி மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது.

இந்த வித்தியாசம் பெரிய விஷயம். பாறையாகிவிட்ட பழைய மணலிலும் வரிகள் அப்படியே கிடைக்கின்றன. விந்திய மலை மணற்பாறைகளில் நூறு கோடி வருடத்துக்கும் முந்தைய வரிகள் இருக்கின்றன. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி, ஆழமில்லாத ஏரியில் அலை ஆடி உண்டான வரிகளைப் பாறையில் கண்டதாக 2023 பிப்ரவரியில் நாசா சொன்னது. சரிவைப் பார்த்துத்தான் அது ஆறா, ஏரியா என்று சொல்கிறார்கள்.

மார்ச் 15

நாகர்கோவில் நண்பர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை முழுக்கக் கருப்புதான், அங்கே வந்து பாருங்கள் என்று அழைத்திருக்கிறார். வருகிறேன். அந்த மணலின் கதை 1909இல் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். கனமான துகள்களைக் கடல் அலை பிரித்துக் கரையில் ஒதுக்கிவைக்கிறது. காவிரியில் சின்ன அளவில் நடப்பது அங்கே பெரிய அளவில் நடக்கிறது.

எடைதான் இதற்கு முக்கியக் காரணம். வெள்ளை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு, மேக்னடைட் 5 மடங்குக்கு மேல். தண்ணீர் லேசானதைத் தூக்கிக்கொண்டு போகும், கனமானதை விட்டுவிட்டுப் போகும்.

மார்ச் 22

இரண்டாம் தடவை ஆற்றுக்குப் போனேன். பிப்ரவரி 9 அன்று வரியின் முதுகில் கருப்பு என்று எழுதியது தவறு. அவசரத்தில் நிழலைக் கருப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை வெயில் ஏறும்வரை இருந்தேன். நிழல் போன பிறகும் கருப்பு நின்றது. நின்ற இடம் முதுகு இல்லை, இரண்டு வரிக்கு நடுவில் இருக்கும் பள்ளம். அங்கேதான் சுழி குடைந்து லேசான மணலை அள்ளிப் போகிறது, கனத்த கருப்பு தங்கிவிடுகிறது. ஈர்க்குச்சியால் ஒரு பள்ளத்தைக் கீறிப் பார்த்தேன். கருப்பு ஒரு நூல் கனத்துக்குத்தான். அடியில் மறுபடி வெள்ளை.

ஆக, தண்ணீர் அறுத்த இடம் எதுவோ அதுவே கருப்பு. முதல் நண்பரும் நானும் இத்தனை நாள் சண்டை போட்டது ஒரே பொருளுக்காக. கருமணல் என்ற பொருள் அறுப்பிலிருந்து எப்படி வரும் என்று கேட்டேன் அல்லவா, இப்படித்தான். அறுத்த தடத்தைக் கண் முதலில் கருப்புக் கோடாகத்தான் பார்க்கிறது.

கூந்தலுக்கு வருவோம். பொருநராற்றுப்படையில் பாடினியை முடியிலிருந்து அடிவரை வர்ணிக்கும் இடம் ‘அறல்போல் கூந்தல்’ என்றுதான் தொடங்குகிறது. பாட்டுடைத் தலைவன் கரிகாலன், நாடு காவிரி நாடு. அதே வர்ணனை கடைசியில் அவள் காலடிக்கு வரும்போது ஓடிக் களைத்த நாயின் நாக்கை உவமை சொல்கிறது. நாயின் நாக்கைக்கூட அவ்வளவு கூர்ந்து பார்த்த புலவர், கூந்தலுக்கு நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பாரா?

அப்பாயி வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்து, திண்ணையில் முடியை விரித்துக் காயவைப்பாள். பாதி காய்ந்ததும் எண்ணெய் தொட்டு, அகலப் பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பாள். சீப்பு போன இடமெல்லாம் பல்லுக்குப் பல் ஒரு பள்ளம், நடுவில் ஒரு மேடு. மேட்டில் எண்ணெய் மினுங்கும், பள்ளம் கருத்து நிற்கும். இன்று ஆற்றில் நான் பார்த்ததும் அதேதான். ஈர மணல் மேட்டில் மினுங்கல், பள்ளத்தில் கருப்பு. நிறம், நெளிவு, ஈரம், பளபளப்பு நான்கையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

மார்ச் 23

நேற்றையதில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது என்று ஒரு தம்பி பிடித்துவிட்டார். வரிக்குச் சரி, கசிவால் உண்டாகும் சின்னக் கால்களுக்கும் அறல் என்று சொல்லலாமா என்கிறார். நான் பார்த்தவரை அந்தக் கால்களின் அடியிலும் கருப்பு ஒதுங்கியிருக்கிறது, அதுவும் தண்ணீர் அறுத்ததுதான். வகுப்பில் இரண்டுக்கும் அறல் என்றே சொல்கிறேன். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வரியறல், காலறல் என்று எழுதவைக்கிறேன். இது நான் கட்டிய சொல், பழைய நூலில் இருப்பது அல்ல. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

ஏப்ரல் 18

இன்று வேறொரு துறையில் இறங்கினேன், ஊர்ப் பெயர் வேண்டாம். சின்ன வயதில் கபடி ஆடிய திட்டு அங்கே இருந்தது. இப்போது திட்டு இல்லை. ஆள் உயரத்துக்குப் பள்ளம், பள்ளத்தில் சரளையும் களியும், ஓரத்தில் சீமைக்கருவேலம். லாரி போன தடம் மட்டும் ஆழமாக இருந்தது.

ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு வரி கண்ணில் படவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட சின்ன வரிகள் எழ மணி பொடியாக இருக்க வேண்டும். 0.7 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த மணலில் அவை எழாது. நல்ல மணலை அள்ளிவிட்டுப் பரலை மட்டும் விட்டுவைத்தால் தண்ணீர் வந்தாலும் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவார்களாம், அதுவும் பொடிமணல்தான்.

அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டதுபோல் இந்தத் துறையில் வளரும் பிள்ளை கேட்காது. பார்க்காத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்றுதான் அதற்குத் தோன்றும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. கடம்பர் துறையில் இன்னும் மணல் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை அங்கே காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போகத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு தீப்பெட்டி, ஒரு காந்தம், ஒரு காகிதம் போதும்.

மே 2

போய் வந்தோம். முப்பத்தோரு பேர். ஒருவன் வரிகளைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கப் பார்த்தான், மணல் கலைந்துவிட்டது. இன்னொருத்தி கைப்பேசியை மணலோடு மணலாகச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தாள், அது பாலைவனம்போல் வந்தது. முதலில் கேள்வி கேட்ட பிள்ளை காலறல் ஒன்றின் தலைப்பக்கத்தில் ஈர்க்குச்சி நட்டுவைத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் கால் ஈர்க்குச்சியைத் தாண்டி நான்கு விரல் பின்னால் வளர்ந்திருந்தது. அவளே அளந்து எழுதிக்கொண்டாள்.

ஜூன் 16

மேட்டூரைப் பன்னிரண்டாம் தேதி திறந்தார்கள். நேற்று முன்தினமே இங்கே தண்ணீர் வந்துவிட்டது. மாலையில் கடம்பர் துறையில் இறங்கினேன். முழங்கால் அளவு. மேலே செங்கலங்கல், ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு நின்றேன்.

பாதத்துக்கு அடியில் வரிவரியாகத் தட்டுப்பட்டது. அசையாமல் நின்றால் குதிகால் பக்கம் மணல் அரித்துப் போவதும், விரல்களுக்கு மேல் ஒரு வரி ஏறி வந்து மூடுவதும் தெரிந்தது. அகராதி அறலுக்கு நீர் என்றும் ஒரு பொருள் சொல்கிறது என்று பிப்ரவரியில் எழுதிவிட்டு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒதுக்கியிருந்தேன். அங்கே நின்றபோது நீர் எங்கே முடிகிறது, வரி எங்கே தொடங்குகிறது என்று என் காலால் பிரிக்க முடியவில்லை. இருட்டும்வரை நின்றுவிட்டு, கால் விரல் இடுக்கில் கொஞ்சம் கருமணலோடு வீட்டுக்கு வந்தேன்.